அரிசி ஊறப்போட யாரைக் கேட்பது?

ஏப்ரல் 12, ஞாயிறு

அரசாங்கம் கவிழ்ந்துவிட்டால், மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப்போடலாமா என்று யாரைக் கேட்பது? எங்கள் விடுதியில் சமைக்கும் இசக்கியம்மாள் இன்று மாலை கரண்டியும் கையுமாக வந்து என்னிடம் இதைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"நீங்கதான யம்மா சபாநாயகரு?" என்றார்.

அதற்கும் ஆமாம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதவிக்கு வந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். வார்டன் மகளின் பிரசவத்துக்கு என்று போன வாரம் ஓசூர் போனார். போகும்போது பூந்தொட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். எனவே திரும்பி வரமாட்டார். விடுதியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் சங்கரலிங்கம் சாருக்கு எண்பத்திரண்டு வயது. புது வார்டன் கிடைக்கும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். நாங்கள் இருபத்து மூன்று பெண்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

இங்கேதான் ஹெப்சிபா எழுந்தாள். கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள், மேல்மாடியில் இருக்கிறாள். விடுதியை நாடாளுமன்ற முறையில் நடத்தலாம் என்றாள். "பதினாறு வருசமா போர்டுல எழுதி எழுதி அழிச்சதை ஒரு தடவை நெசமா நடத்திப் பாக்குறேனே!" என்று கேட்டாள். யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை.

கணக்கு இது. மேல்மாடியில் பதினொரு பேர், அறைக்கு மூன்று நான்கு பேராக நெருக்கியடித்து இருக்கிறார்கள். அவர்கள் ஹெப்சிபாவின் கட்சி. கீழே எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவி ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருக்கும் ராமலெட்சுமி. சமையலறையை ஒட்டிய அறையில் மூன்று நர்ஸ்கள், அவர்களில் மூத்தவள் ஷமீமா. நர்ஸ்கள் சேரும் பக்கம்தான் ஆட்சி. ஹெப்சிபா அவர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் பேசினாள். வெளியே வரும்போது பிரதமராக வந்தாள். பதினொன்றும் மூன்றும் பதினான்கு. ராமலெட்சுமி எதிர்க்கட்சித் தலைவர்.

மிச்சம் நான் ஒருத்தி.

"செண்பகா அக்காதான் சபாநாயகர்" என்றாள் ஹெப்சிபா. "அக்கா எந்தப் பக்கமும் சாய மாட்டாங்க."

நான் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாததற்குக் காரணம் நான் யாருடனும் பேசுவதில்லை என்பது. அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள். சபாநாயகர் விவாதத்தில் பேசக் கூடாது. வாக்களிக்கக் கூடாது. இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு வாக்கு உண்டு. பேசாமல் இருப்பதற்குப் பதவி கொடுக்கிறார்கள் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஹெப்சிபா எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

விடுமுறை. துணி துவைத்தேன். சங்கரலிங்கம் சார்தான் நம் ஜனாதிபதி என்று ஹெப்சிபா அவருக்கு விளக்கியிருக்கிறாள். சபை நிறைவேற்றுவதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்; பிடிக்காவிட்டால் ஒரு முறை திருப்பி அனுப்பலாம்; மறுபடியும் அனுப்பினால் போட்டே ஆக வேண்டும். சார் சொன்ன பதில்: "ஒண்ணாந்தேதி எப்பவும் போல காப்பி குடிக்க வாரேன். கையெழுத்து எங்கன போடணுமோ அங்கன ஒரு புள்ளி வச்சிருங்கம்மா. கண்ணு சரியாத் தெரியல."

ஏப்ரல் 19, ஞாயிறு

முதல் கூட்டம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். எனக்கு வார்டனின் கைவைத்த நாற்காலி. அமைதி காக்கத் தட்டுவதற்குப் பூரிக்கட்டை.

கேள்வி நேரத்தில் ராமலெட்சுமி எழுந்தாள். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, புதன்கிழமை காலையில் எங்களுக்குப் பரிமாறப்பட்ட ரவா உப்புமா உணவா, கட்டுமானப் பொருளா என்பதை மாண்புமிகு உணவு அமைச்சர் தெரிவிப்பாரா?"

உணவு அமைச்சர் மழலையர் பள்ளி ஆசிரியை, இருபத்தாறு வயது. ஹெப்சிபா எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பார்த்து, "தகவல் திரட்டப்பட்டு சபையில் வைக்கப்படும்" என்று படித்தாள்.

"என்னத்தத் திரட்ட? தட்டுல திரண்டுதான கெடந்துச்சு!" என்றாள் ராமலெட்சுமி. தொடர்ந்து அமைச்சரை ஒரு சொல்லால் அழைத்தாள். ஹெப்சிபா ஆட்சேபித்தாள். அந்தச் சொல்லைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கினேன். அங்கே நீக்கிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்: "சிமெண்ட் காண்டிராக்டர்."

எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. போர்ட்டிகோவில் போய் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் வாழைக்காய் பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்தார். வெளிநடப்பு ஏழு நிமிடத்தில் முடிந்தது. அதற்குள் ஆளுங்கட்சி ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டது. மீதிக் கூட்டம் முழுவதும் பஜ்ஜியைப் பற்றியே நடந்தது.

ஏப்ரல் 23, வியாழன்

உணவு அமைச்சர் நாளைக்குச் சேமியா என்று உத்தரவிட்டாள். இசக்கியம்மாள் "சரிம்மா" என்றார். சேமியாவில் வண்டு என்று சொல்லி இட்லி வந்துவிடும் என்று நினைக்கிறேன். பதினேழு வருடத்தில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் நினைத்தது நடக்காமல் போனதையும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

சேமியாவில் வண்டு.

ஏப்ரல் 26, ஞாயிறு

அமைச்சரவை எடுத்த முடிவை எல்லா அமைச்சர்களும் வெளியில் ஆதரித்துப் பேச வேண்டுமாம். கூட்டுப் பொறுப்பு என்று பெயர். அதனால் ஆறு அமைச்சர்களும் உப்புமாவைப் புகழ்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினார்கள். மேல்மாடிக் குப்பைக் கூடையில் ரொட்டி உறைகள் நிறையக் கிடக்கின்றன. கவனித்தேன், சபாநாயகர் என்பதால் சொல்லவில்லை.

பிறகு ஷமீமா பேசினாள். கடையநல்லூர்க்காரி, மென்மையான குரல். மூன்று நர்ஸ்களுக்கும் வாரம் ஒருத்தியாக மாறி மாறி இரவுப் பணி வருகிறது. காலை எட்டே காலுக்கு வந்து படுத்தால் பக்கத்தில் சமையலறை; மிக்ஸி, பாத்திரம், குக்கர். "நாலு நாளா ரெண்டு மணி நேரம்கூட தூங்கல. நேத்து ஒரு பாட்டிக்கு ஊசி போடப் போயி, போட்டாச்சா போடலையான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. நல்லவேள, கேட்டுட்டுப் போட்டேன். பகல்ல தூங்க எங்களுக்கு ஒரு ரூம் வேணும்."

நியாயமான கோரிக்கை. அரசு ஆவன செய்யும் என்றாள் ஹெப்சிபா. அப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

மே 3, ஞாயிறு

இன்று மசோதா ஒன்று அறிமுகமானது. முழுதும் எழுதுகிறேன், ஒரே வாக்கியம்தான்: "இரவுப் பணி முடித்து வருவோர் பகலில் உறங்குவதற்கு ஏழாம் எண் அறை ஒதுக்கப்படும், இது ஜூன் முதல் தேதி அமலுக்கு வரும்."

விடுதியில் ஒருவர் மட்டும் தங்கும் அறை ஏழாம் எண்தான். கட்டடத்தின் கோடியில் இருக்கிறது. சத்தம் வராது. மேற்கே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புங்கமரம். நான் அதில் பதினேழு வருடமாக இருக்கிறேன்.

மசோதா நிறைவேறினால் எனக்கு மேல்மாடியில் நான்காவது கட்டில் போட்டுத் தருவார்களாம். விவாதத்தில் சபாநாயகர் பேசக் கூடாது. பேசவில்லை.

ராமலெட்சுமி மட்டும் எழுந்து, "யக்கா ரூம யக்காகிட்ட ஒரு வார்த்த கேக்காம எடுக்கீங்களே, இது என்னளா நாயம்?" என்றாள். "ளா" என்று 'அடி' போட்டுக் கூப்பிடும் விகுதி சபைக்கு ஏற்றதல்ல என்று அதை நீக்கினேன்.

மே 7, வியாழன்

காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைவு. மாலையில் வந்தபோது மூடியிருந்தது, திரையும் இழுத்து விடப்பட்டிருந்தது. நானே மூடியிருக்க வேண்டும்.

மே 8, வெள்ளி

இன்றும்.

மே 11, திங்கள்

படுக்கை விரிப்பை நான் எப்போதும் சும்மா இழுத்துப் போடுவேன். இன்று கால்மாட்டில் இரண்டு மூலையும் கடித உறையைப் போல மடித்துச் சொருகியிருந்தது. மிக நன்றாக இருந்தது. எப்போது இப்படி மடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

நாற்பத்தொன்பது வயதில் மறதி வருவது அசாதாரணமல்ல. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பார்த்தேன். இரண்டில் வந்து நின்றது, சரி. அலுவலக லிப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறும்போது பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் சரி. பியூன் மட்டும் ஒரு மாதிரி பார்த்தார்.

மே 15, வெள்ளி

புள்ளியியல் படித்துவிட்டு வெறும் ஊகத்தில் இருப்பது சரியல்ல என்று அட்டவணை போட்டேன். ஒன்பது நாட்களில் ஜன்னல் மூடியிருந்தது ஏழு நாள். விரிப்பு மடித்திருந்தது, நான் கவனித்த திங்கள் முதல், ஐந்து நாள். ஜன்னல் மூடாத இரண்டு நாள் சனி, ஞாயிறு. அன்றைக்கு நான் அறையிலேயே இருந்தேன். அலுவலகம் போகிற நாளில் மட்டும் எனக்கு மறதி வருகிறது. வேலைச் சுமை காரணமாக இருக்கலாம்.

அறையில் லேசாகக் கிருமிநாசினி வாசனை. தரை துடைத்திருப்பார்கள்.

மே 17, ஞாயிறு

மசோதா நிறைவேறியது. ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு எட்டு. ஷமீமா தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினாள். கேட்டு வாங்கியதற்கு இவ்வளவு வருத்தமான கையை நான் பார்த்ததில்லை. கட்சிக் கொறடா ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "மசோதா நிறைவேறியது" என்று அறிவித்துப் பூரிக்கட்டையால் ஒரு தட்டு தட்டினேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

ஒன்றாம் தேதி சங்கரலிங்கம் சார் காப்பி குடித்துவிட்டுப் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

மே 20, புதன்

கோவில்பட்டியிலிருந்து தம்பி பேசினான். வருடா வருடம் சொல்வதைத்தான் சொன்னான்: "எதுக்குக்கா அங்கன கெடந்து கஷ்டப்படுத? மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு, வந்துரு." ஜூன் முதல் வாரம் வருகிறேன் என்று சொன்னேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். தம்பி யாரிடமோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். பிறகு மாடி ரூமில் இன்வெர்ட்டர் வைத்திருப்பதாகவும், பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள் என்றும், வெயில் காலத்தில் அங்கே இருக்கவே முடியாது என்றும் சொன்னான். பரவாயில்லை, விளையாட்டாகத்தான் சொன்னேன் என்றேன். நான் விளையாட்டாக எதுவும் சொல்வதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தான்.

மே 23, சனி

வீட்டுத் தரகர்கள் நான்கு பேரிடம் பேசினேன். நான்கு பேரும் ஒரே கேள்வி: "ஒத்த ஆளா?" ஆமாம் என்றால், "ஓனர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்." எண்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் குறிப்பும் போட்டு வைத்தேன். ஒருவர் "வயசு என்னன்னு சொன்னா கெடைக்கலாம்" என்றார். அவர் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.

மாலையில் இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன்.

மே 26, செவ்வாய்

தரகர் பட்டியலை மேசைமேல் விரித்தபடி வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் தாள் அங்கேயேதான் இருந்தது, ஆனால் பறக்காமல் இருக்க மேலே டம்ளர் வைத்திருந்தது. மறதிக்காரியாக இருந்தாலும் முன்னெச்சரிக்கையுள்ளவளாக இருக்கிறேன்.

மே 27, புதன்

அரசியல் நெருக்கடி. மூன்று நர்ஸ்களும் ஆதரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ராமலெட்சுமி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்துவிட்டாள். முப்பத்தொன்றாம் தேதி வாக்கெடுப்பு.

காரணம் மிக்ஸிச் சத்தமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் கேட்ட அறை இன்னும் ஐந்து நாளில் கையில் கிடைக்கப் போகிறது. ராமலெட்சுமியோ, தன் அரசு வந்தால் சார் கையெழுத்துப் போடும் முன்பே அந்த மசோதாவைக் கிழித்துவிடுவேன் என்று மாடிப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்களுக்கு எதிராகவே யாராவது ஆட்சியைக் கவிழ்ப்பார்களா? இதைவிட நல்ல பேரம் எங்கோ நடக்கிறது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. இளம் பெண்கள் இவ்வளவு சீக்கிரம் அரசியலைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மே 29, வெள்ளி

அரசு மிக்ஸிக்குத் தடை விதித்தது. சட்னி இல்லை. உணவு அமைச்சர் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ளச் சொன்னாள். எதிர்க்கட்சிக்கு ஆதரவு பெருகுகிறது.

ஷமீமாவுக்குத் துணைப் பிரதமர் பதவி தருவதாக ஹெப்சிபா சொல்லியிருக்கிறாள். "அதுல என்னக்கா வேல?" என்று ஷமீமா கேட்டாளாம். ஹெப்சிபா, அரசியல் சாசனத்திலேயே அந்தப் பதவி இல்லை என்று ஒப்புக்கொண்டாளாம். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

மே 30, சனி

ஹெப்சிபா என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"பதினொண்ணு, பதினொண்ணு வரும்போல அக்கா."

"எண்ணிப் பார்த்தேன்" என்றேன்.

"உங்க ஓட்டுதான் முடிவு பண்ணும்." கொஞ்ச நேரம் புங்கமரத்தைப் பார்த்தாள். "நீங்க எப்படிப் போட்டாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

சமமாக வந்தால் சபாநாயகர் எப்படி வாக்களிப்பது வழக்கம் என்று கேட்டேன். தெரியும், அவள் வாயால் கேட்க விரும்பினேன். ஹெப்சிபா ஆசிரியை. தனக்குச் சாதகமான பதிலைச் சொல்லக் கூச்சப்பட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: இருக்கிற நிலை தொடரும்படி போடுவதுதான் மரபு. மாற்றம் வேண்டும் என்றால் சபையில் பெரும்பான்மை அதைக் கேட்க வேண்டும். பெரும்பான்மை இல்லாத மாற்றத்தைச் சபாநாயகர் தன் ஒரு வாக்கால் உண்டாக்கக் கூடாது.

"அது நல்ல மரபா?"

"பரீட்சையில அஞ்சு மார்க்குக் கேள்வி அக்கா. நல்லதான்னு யாரும் கேட்டதில்ல."

அவள் போன பிறகு இரண்டு பெட்டிகளில் துணிகளை அடுக்கினேன். புத்தகங்களுக்கு அட்டைப்பெட்டி தேட வேண்டும். தேடவில்லை.

மே 31, ஞாயிறு

நான்கு மணிக்குச் சபை கூடியது. இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை.

ராமலெட்சுமி முக்கால் மணி நேரம் பேசினாள். உப்புமாவில் ஆரம்பித்து, பஜ்ஜி வழியாக, இட்லிக்குச் சர்க்கரையில் கொண்டுவந்து முடித்தாள். ஹெப்சிபா தன் அரசின் சாதனைகளைப் பட்டியலிட்டாள். அதில் ஒன்றான மேல்மாடி ஹீட்டர் உண்மையில் தானாகவே சரியானதுதான் என்று எதிர்க்கட்சி குறுக்கிட்டது. ஆட்சியில் இருக்கும்போது தானாகச் சரியாவதும் அரசின் சாதனைதான் என்றாள் ஹெப்சிபா. மரபுப்படி அவள் சொன்னது சரி.

வாக்கெடுப்பு. அரசைக் கவிழ்க்கப் பதினொரு கை. காப்பாற்றப் பதினொரு கை. இரண்டு தடவை எண்ணினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினேழு வருடத்தில் இத்தனை பேர் சேர்ந்து என்னைப் பார்த்ததில்லை.

"யோசிக்க என்ன இருக்கு, யக்கா?" என்றாள் ராமலெட்சுமி. "கையத் தூக்குங்க. கவர்மெண்டும் போச்சு, மசோதாவும் போச்சு. உங்க ரூமு உங்களுக்கு."

அது உண்மைதான். ஒரு கையைத் தூக்கினால் போதும். யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஹெப்சிபாகூட நேற்றே மன்னித்துவிட்டாள். அந்த ஜன்னலை நினைத்தேன். தரகர் தாளில் இருந்த கேள்விக்குறியையும் நினைத்தேன்.

ஆனால் பதினொன்றும் பதினொன்றும் சமம். சமமாக இருப்பதை என் அறைக்காக ஒரு பக்கம் சாய்த்தால், இத்தனை நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தம் இல்லை. மரபுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. என்மேல் அதைவிடக் குறைவு. குறைவாக நம்புவதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன்.

"சபாநாயகரின் வாக்கு தீர்மானத்துக்கு எதிராக. அரசு தொடர்கிறது" என்று சொல்லிப் பூரிக்கட்டையால் தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன். உப்புக் கிண்ணம் கவிழ்ந்தது.

ஷமீமா பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! உங்களுக்காகத்தான நாங்க கவுக்கப் பாத்தோம்!"

"எனக்காகவா?"

"நீங்க வீடு பாக்கீங்கன்னு தெரிஞ்சப்புறம் எங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?"

நான் வீடு பார்ப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அழுகை சட்டென்று நின்றது. மூன்று நர்ஸ்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார்கள்.

இசக்கியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தில் ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஏழாம் எண் அறையின் மாற்றுச் சாவி.

"நாந்தான் திறந்துவிட்டேன் யம்மா. இந்தப் புள்ள தூக்கமில்லாம அடுப்படிப் படியில சாய்ஞ்சி விழப் பாத்துச்சு. நீங்க காலையில எட்டே காலுக்குப் போனா ஆறு மணிக்குத்தான வாறீங்க. ரூமு சும்மாத்தான கெடக்கு. ராத்திரி டூட்டிக்காரி யாரோ அவளப் போயி படுன்னேன். நாலாந்தேதியிலேர்ந்து நடக்கு. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க யாருகிட்டயும் பேச மாட்டீங்களே, எப்படிச் சொல்லுதது?"

ஜன்னல். திரை. கடித உறை மடிப்பு. டம்ளர்.

"நான் மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றேன்.

"ஐயோ அக்கா" என்றாள் ஷமீமா. "மூலைய மடிக்காம எங்களால கட்டிலை விட்டு எந்திரிக்கவே முடியாது. ட்ரெயினிங்ல அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது. மன்னிச்சுக்கிடுங்க."

ராமலெட்சுமி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப ரெண்டு மாசமா எதுக்குளா சண்டை போட்டோம்? பகல்ல அவ, ராத்திரி யக்கா. இதுக்கா மசோதா, இதுக்கா கவர்மெண்டு?"

"ளா"-வை நீக்கவில்லை.

ஹெப்சிபா எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "செண்பகா அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே இவங்க ரூம் கேட்டுத்தான் எங்கூடச் சேந்தாங்க. உங்கள சபாநாயகரா ஆக்குனதே… நீங்க எந்திரிச்சுப் பேச முடியாம இருக்கணும்னுதான்."

ஏப்ரல் 12-ன் கைதட்டலின் நீளம் இப்போதுதான் சரியாகப் புரிந்தது.

"உங்கள அப்படி உக்கார வச்சுட்டு, உங்க ஓட்டுலயே பிழைச்ச கவர்மெண்டு கவர்மெண்டே இல்ல" என்றாள். "நான் ராஜினாமா பண்றேன்."

"ராஜினாமா பண்ணக் கூடாது, இப்பத்தான காப்பாத்துனாங்க!" என்று அவள் கட்சியே கத்தியது. கேட்கவில்லை. அங்கேயே ஒரு தாளில் எழுதி, கீழே சாருக்காக ஒரு புள்ளியும் வைத்தாள்.

ராமலெட்சுமியைப் பார்த்தேன். அரசமைக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் நர்ஸ்களைப் பார்த்தாள். "எங்களுக்கு எந்தப் பக்கமும் வேண்டாம்க்கா, தூக்கம் போதும்" என்றாள் ஷமீமா. அப்படியானால் ராமலெட்சுமியிடம் எட்டு, ஹெப்சிபாவிடம் பதினொன்று. யாரிடமும் பன்னிரண்டு இல்லை. மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்தில் எங்கள் விடுதியில் அரசாங்கம் இல்லாமல் போனது.

இசக்கியம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அப்ப அரிசி ஊறப்போடட்டுமான்னு யாரைக் கேக்க?"

உணவு அமைச்சர் வாயைத் திறந்தாள், தான் இப்போது அமைச்சர் இல்லை என்று நினைவு வந்து மூடிக்கொண்டாள். ஏழு வாரம் ஆகியும் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அதையே மறுபடியும் சொன்னேன்.

ஜூன் 1, திங்கள்

ஆறு ஐம்பதுக்கு இட்லி வந்தது. தேங்காய்ச் சட்னியும் இருந்தது. யாரைக் கேட்டு ஊறப்போட்டீர்கள் என்று ஹெப்சிபா கேட்டாள். "நேத்து மத்தியானமே போட்டாச்சு டீச்சரம்மா" என்றார் இசக்கியம்மாள். "நீங்க நாலு மணிக்குத்தான கூடுனீங்க?"

ஏழரைக்குச் சங்கரலிங்கம் சார் வந்தார். காப்பி குடித்தார். ராஜினாமாவிலும் கையெழுத்துப் போட்டார், மசோதாவிலும் போட்டார், மைப்புள்ளி விழுந்திருந்த அன்றைய செய்தித்தாளிலும் போட்டார். ஆக ஏழாம் எண் அறைச் சட்டம் இன்று அமலுக்கு வந்துவிட்டது. என்னை மேல்மாடிக்கு மாறச் சொல்ல ஓர் அமைச்சர் உத்தரவு போட வேண்டும். அமைச்சர் யாரும் இல்லை. அதனால் எதுவும் மாறவில்லை.

எட்டு மணிக்கு ஜன்னலை மூடினேன். திரையை இழுத்துவிட்டேன். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். படுக்கை விரிப்பை இழுத்துப் போடாமல் அப்படியே விட்டேன். வாசலில் ஷமீமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "வாரேன்க்கா" என்றாள். போய்த் தூங்கு என்றேன்.

மாலை ஆறு மணிக்கு வந்தேன். நான்கு மூலையும் மடித்திருந்தது. பெட்டிகளிலிருந்த துணிகள் அலமாரியில் இருந்தன, நான் வைப்பதைவிட ஒழுங்காக. தரகர்களின் எண்கள் எழுதிய தாள் மேசையில் இல்லை. டம்ளர் மட்டும் இருந்தது.

நான் தேடவில்லை.